வாங்குனீங்களா, இல்லையா? ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை வருஷமா பதில் இல்ல!

போன வாரம் எங்க வார்டுல பூத் கமிட்டிக் கூட்டம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வட்டச் செயலாளர் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினார். "எல்லாரும் போனை இதுல போடுங்கப்பா. கூடை வெளித் திண்ணையில இருக்கும்."

நாங்க பேசப்போறது என்னமோ வாக்காளர் பட்டியல்ல விட்டுப்போன பேர்களைச் சேர்க்கிற வேலைதான். அதுல ஒளிக்க ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் போன் உள்ள வரக்கூடாது. ரொம்ப நாளா அண்ணனோட பழக்கம் அது.

கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவன். ஐ.டி. விங்ல வேற இருக்க. அந்தப் பெகாசஸ் விவகாரம் கடைசியில என்னதான் ஆச்சு? நம்ம கவர்ன்மென்ட் அதை வாங்குச்சா, இல்லையா?"

என்னால பதில் சொல்ல முடியல. எனக்கு மட்டும் இல்ல, இந்தியாவில யாராலயும் சொல்ல முடியாது. ஏன்னா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரே இடம் நாடாளுமன்றம். அங்க கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. பதில்னு ஏதோ ஒண்ணும் வந்தது. ஆனா "ஆமா"வும் வரல, "இல்ல"யும் வரல.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தேதி வாரியா எடுத்து அடுக்கினேன். அதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க தோழர்களே.

கேள்வி ஒண்ணு, பதில் வேற

2019 நவம்பர் 19. மக்களவையில் மத்திய சென்னை எம்.பி. தயாநிதி மாறன் கேட்கிறார்: அரசு வாட்ஸ்அப் அழைப்புகளையும் செய்திகளையும் ஒட்டுக்கேட்கிறதா? அதுக்கு இஸ்ரேலோட பெகாசஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறதா?

உள்துறை இணை அமைச்சர் கிஷன் ரெட்டியோட பதில்ல என்ன இருந்தது தெரியுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-வது பிரிவு அரசுக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது, 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 5-வது பிரிவும் தருகிறது, இந்தந்த அமைப்புகளுக்கு அனுமதி இருக்கிறது. சட்டக் கல்லூரி நோட்ஸ் மாதிரி இருந்தது. பயன்படுத்தினீங்களா இல்லையாங்கிற வரியை மட்டும் காணோம்.

அதே மாசம் 28-ஆம் தேதி, மாநிலங்களவை. அப்போதைய ஐ.டி. அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் சொன்னதோட சாரம்: என் அறிவுக்கு எட்டிய வரையில் அங்கீகாரம் இல்லாத ஒட்டுக்கேட்பு எதுவும் நடக்கவில்லை.

இந்த "அங்கீகாரம் இல்லாத"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பாருங்க.

வீட்ல முறுக்கு டப்பா காலியா இருக்கு. அம்மா பையனைக் கேட்கிறாங்க, "டேய், முறுக்கு எடுத்தியா?" அதுக்கு அவன், "அனுமதி இல்லாம நான் எதையும் எடுக்கல"ன்னு சொன்னா அம்மா என்ன செய்வாங்க? காதைத் திருகுவாங்க. ஏன்னா கேட்டது அனுமதியைப் பத்தி இல்ல, முறுக்கைப் பத்தி.

2021 ஜூலை 18. உலகத்துல 17 பத்திரிகை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு விசாரணையை வெளியிடுது. பெகாசஸ் மூலமா குறிவைக்கப்பட்டிருக்கலாம்னு சொல்லப்பட்ட எண்களோட பட்டியல்ல 300-க்கும் மேற்பட்ட இந்திய எண்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், ஏன், மத்திய அமைச்சர்களோட எண்கள்கூட.

மறுநாள் நாடாளுமன்றக் கூட்டத்தொடரோட முதல் நாள். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத ஐ.டி. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் மக்களவையில் அறிக்கை வாசிக்கிறார். அவரும் இன்ஜினியர்தான், ஐ.ஐ.டி. கான்பூர்ல எம்.டெக். படிச்சவர். அவர் சொன்னது: இது பரபரப்புக்காக வந்த செய்தி, கூட்டத்தொடருக்கு முந்தின நாள் வந்தது தற்செயலாக இருக்க முடியாது, நம்ம நாட்டுல இருக்கிற கட்டுப்பாடுகளை மீறி சட்டவிரோதக் கண்காணிப்பு நடக்க வாய்ப்பில்லை. அன்னைக்கே இன்னொரு செய்தி வந்தது. அந்தப் பட்டியல்ல அமைச்சர் வைஷ்ணவோட எண்ணும் இருக்குதாம்!

பட்டியல்ல எண் இருந்தாலே போன் ஹேக் ஆச்சுன்னு அர்த்தம் இல்ல. அதை நானும் ஒத்துக்கிறேன். ஆனா தன்னோட எண்ணே இருக்கிற பட்டியலைப் பத்தி, அமைச்சரா இல்லைன்னாலும் ஒரு இன்ஜினியராவாவது "சரிபார்ப்போம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

2021 ஆகஸ்ட் 9. மாநிலங்களவையில் மார்க்சிஸ்ட் எம்.பி. சிவதாசன் கேட்ட கேள்விக்குப் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் அஜய் பட் எழுத்துல கொடுத்த பதில்: என்.எஸ்.ஓ. நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எந்தப் பரிவர்த்தனையும் இல்லை.

அப்பாடா, ஒருவழியா ஒரு "இல்லை" வந்துச்சேன்னு நினைச்சா, அதுலயும் ஒரு சூட்சுமம். ஐ.பி. இருக்கிறது உள்துறையின் கீழ. "ரா" இருக்கிறது அமைச்சரவைச் செயலகத்தின் கீழ. உளவு மென்பொருள் தேவைப்படக்கூடிய இந்த அமைப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வரவே வராது. பதில் உண்மையாவே இருக்கலாம். ஆனா அந்த "இல்லை" ஒரே ஒரு அமைச்சகத்துக்கு மட்டும்தான். மற்ற அமைச்சகங்களோட "இல்லை" எங்கே?

அதே மாசம், என்.எஸ்.ஓ.வோட ஒப்பந்தம் உண்டான்னு நேரடியா கேட்டிருந்த இந்திய கம்யூனிஸ்ட் எம்.பி. பினாய் விஸ்வமின் கேள்வியை, வழக்கு நீதிமன்றத்தில் இருக்குன்னு சொல்லி அனுமதிக்க வேண்டாம்னு அரசுத் தரப்பிலிருந்தே மாநிலங்களவைச் செயலகத்துக்குக் கேட்டாங்க. சரி, அந்த நீதிமன்றத்துலயாவது சொன்னாங்களா?

நீதிமன்றத்திலும் அதே கதை

உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு போட்டது ஒரு சின்னப் பிரமாணப் பத்திரம். குற்றச்சாட்டு எல்லாத்தையும் மறுக்கிறோம், விரிவா சொன்னா தேசப் பாதுகாப்புக்குப் பாதிப்பு, அவ்வளவுதான். 2021 அக்டோபர் 27 அன்னைக்கு நீதிமன்றம் இதை ஏத்துக்கல. பொத்தாம்பொதுவான, தெளிவில்லாத மறுப்பு போதாது, தேசப் பாதுகாப்புன்னு சொன்ன மாத்திரத்துல நீதிமன்றம் ஒதுங்கி நின்னுடாதுன்னு சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைச்சது.

2022 ஆகஸ்ட் 25-ல அந்தக் குழுவோட முடிவு வெளிய வந்தது. 29 போன்கள் பரிசோதிக்கப்பட்டன. 5 போன்கள்ல ஏதோ ஒரு தீங்கு நிரல் இருந்தது. அது பெகாசஸ்தான்னு உறுதியா சொல்ல முடியல. கூடவே தலைமை நீதிபதி ரமணா திறந்த நீதிமன்றத்துல இன்னொண்ணும் சொன்னார்: அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொல்லியிருக்கிறது.

இதுக்கு முன்னாடி 2021 ஜூலை 28-ல நாடாளுமன்றத்தோட ஐ.டி. நிலைக்குழுவும் அதிகாரிகளைக் கூப்பிட்டுப் பார்த்தது. அதிகாரிகள் வரல. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வந்தும் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட மறுத்தாங்க. கோரம் இல்லைன்னு கூட்டமே நடக்கல.

அவையில் கேட்டா நீதிமன்றத்துல இருக்குன்னு சொல்றாங்க. நீதிமன்றத்துல கேட்டா தேசப் பாதுகாப்புங்கிறாங்க. குழு கூப்பிட்டா ஆளே வரமாட்டேங்கிறாங்க. ஒரு கவுன்டர்லருந்து இன்னொரு கவுன்டருக்கு அலையவிடுற ஆபீஸ் கதை நமக்கெல்லாம் பழக்கம்தான். நாடாளுமன்றத்தையே அப்படி அலையவிட முடியும்னு இப்பதான் தெரியுது.

நான் சொல்லாதது என்ன?

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். அமைச்சர் பொய் சொன்னார்னு நான் சொல்லல. சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. 2022 ஜனவரி 28-ல நியூயார்க் டைம்ஸ், 2017-ல இந்தியாவும் இஸ்ரேலும் செஞ்ச சுமார் 200 கோடி டாலர் ஆயுத ஒப்பந்தத்துல ஏவுகணை அமைப்போட பெகாசஸும் முக்கிய அங்கம்னு எழுதுச்சு. அது ஒரு பத்திரிகைச் செய்தி. உண்மையாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம்.

ஆனா ஒரு அமைச்சர் அவையில் சொன்னது உண்மையா பொய்யான்னு கண்டுபிடிக்க நம்மகிட்ட ஒரு வழியே இல்லைங்கிறதுதான் பிரச்சினை.

எப்படின்னு பாருங்க. அமைச்சர் தப்பான தகவல் கொடுத்தா, மக்களவையில் சபாநாயகரோட 115-வது நெறியுரைப்படி ஒரு உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம். அதுக்கு மேல உரிமை மீறல் தீர்மானம் இருக்கு. ஆனா உரிமை மீறல்னு நிரூபிக்க, சொன்னது தப்புன்னு காட்டினா மட்டும் போதாது. தப்புன்னு தெரிஞ்சே, அவையை ஏமாத்தணும்னே சொன்னாருன்னு காட்டணும். அதைக் காட்ட ஆவணம் வேணும். ஆவணம் எங்க இருக்கு? அதே அமைச்சகத்துல. கேட்டா? தேசப் பாதுகாப்பு, தர முடியாது.

பூட்டும் அவங்களோடது, சாவியும் அவங்களோடது. உள்ள என்ன இருக்குன்னு நிரூபிக்க வேண்டியது மட்டும் வெளிய நிக்கிறவன் பொறுப்பு!

நியூயார்க் டைம்ஸ் செய்தி வந்ததும் மக்களவைக் காங்கிரஸ் தலைவர் அதீர் ரஞ்சன் சௌத்ரி, அவையைத் தவறாக வழிநடத்தியதா சொல்லி அமைச்சர் வைஷ்ணவ் மேல உரிமை மீறல் நடவடிக்கை கேட்டு சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். அதனால எந்த அமைச்சரும் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய நிலை வரல.

நான் வேலை பார்த்த இடத்துல சர்வர்ல ஒரு பிரச்சினைன்னா முதல் கேள்வி "லாக் எங்க?"ங்கிறதுதான். அந்த லாகை, கோடு போட்டவனே எடுத்து, அவனே பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு சார்"னு சொன்னா எந்த மேனேஜரும் ஒத்துக்க மாட்டார். வேற ஒருத்தர் பார்க்கணும். ஒரு சாதாரண ஆபீஸ்ல இருக்கிற இந்த விதி நாட்டோட நாடாளுமன்றத்துல இல்ல.

கேட்டவங்களுக்கு மட்டும் தண்டனை

தேசப் பாதுகாப்புன்னா லாக் எடுக்கவே முடியாதா? எடுக்க முடியும்!

2023-ல மஹுவா மொய்த்ரா விவகாரம். தன்னோட நாடாளுமன்ற லாகின் விவரத்தை வெளியாள்கிட்ட கொடுத்தாருங்கிறது புகார். கொடுத்ததை அவரே ஒத்துக்கிட்டார். லஞ்சம் வாங்கினேங்கிறதை மட்டும் மறுத்தார். அவர் செஞ்சது சரின்னு நான் வாதாட வரல. ஆனா அந்த லாகின் துபாயிலிருந்து 47 முறை பயன்படுத்தப்பட்டது வரைக்கும் அமைச்சகங்கள்லருந்து விவரம் நெறிமுறைக் குழுவுக்கு வந்து சேர்ந்தது. தேசப் பாதுகாப்பும் ஒரு காரணமா சொல்லப்பட்டது. அக்டோபர்ல புகார், டிசம்பர் 8-ல பதவி நீக்கம். ரெண்டே மாசம்!

அதே டிசம்பர் 13-ஆம் தேதி ரெண்டு பேர் மக்களவைக்குள்ள குதிச்சு வண்ணப் புகை வீசினாங்க. "உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து விளக்கம் சொல்லணும்"னு எதிர்க்கட்சிகள் கேட்டாங்க. விளக்கம் வரல, சஸ்பென்ஷன் வந்தது. அந்தக் கூட்டத்தொடர்ல மொத்தம் 146 எம்.பி.க்கள். அவையிலேயே இல்லாத நம்ம சேலம் எம்.பி. பார்த்திபன் பேரைக்கூட பட்டியல்ல சேர்த்துட்டு, அப்புறம் எடுத்தாங்க.

கேள்வி கேட்ட எம்.பி.யோட லாகை எடுக்க ரெண்டு மாசம் போதும். பதில் சொன்ன அமைச்சரோட கோப்பைப் பார்க்க மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் முடியாதுன்னா அது என்ன நியாயம்?

இதே நாட்டுலதான் இதுவும் நடந்தது

1962 நவம்பர். சீனாவோட போர் நடந்துக்கிட்டிருக்கு. அந்த நேரத்துலயே நாடாளுமன்றம் கூடி விவாதிச்சது. அப்ப இளம் எம்.பி.யா இருந்த வாஜ்பாய் நேரு அரசை முகத்துக்கு நேரா விமர்சிச்சார். யாரும் அவரைத் தேசத்துரோகின்னு சொல்லல. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவியை விட்டுப் போனார். நேரு அரசு தப்பே செய்யலைன்னு நான் சொல்ல மாட்டேன். அக்சாய் சின்ல சீனா ரோடு போட்டதுக்கு 1958 அக்டோபர்லயே எதிர்ப்புக் கடிதம் அனுப்பிட்டு, 1959 ஆகஸ்ட் வரைக்கும் நாடாளுமன்றத்துக்குச் சொல்லாம வெச்சிருந்தாங்க. மறைச்சு வெச்சதனால ஆபத்து குறையல. நாடு தயாராகிறதுக்கு இருந்த நேரம்தான் குறைஞ்சது.

1988-ல கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். காரணம், டெலிபோன் ஒட்டுக்கேட்பு. 1991-ல ராஜீவ் காந்தி வீட்டை ரெண்டு ஹரியானா போலீஸ்காரங்க நோட்டம் விட்டாங்கன்னு கிளம்பின பிரச்சினையில பிரதமர் சந்திரசேகர் அரசே போச்சு. அதுக்குப் பின்னாடி அரசியல் கணக்கு இருந்தது, இல்லைன்னு சொல்லல. ஆனா வேவு பார்க்கிறது ஒரு அரசையே கவிழ்க்கிற அளவுக்குப் பெரிய தப்புன்னு அன்னைக்கு எல்லாருக்கும் புரிஞ்சது. அன்னைக்கு வாசல்ல நின்ன ரெண்டு கான்ஸ்டபிள். இன்னைக்குப் பாக்கெட்டுக்குள்ளேயே வந்து, மைக்கையும் கேமராவையும் திறக்கிற மென்பொருள்.

பிரிட்டன்ல 1963-ல போர்த்துறை அமைச்சர் புரொஃபுமோ, தன்னோட தொடர்பு பத்தி மார்ச் மாசம் அவையில் பொய் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சோவியத் தூதரக அதிகாரி ஒருத்தரோடவும் பழக்கம். ஜூன் மாசம் உண்மையை ஒத்துக்கிட்டுப் பதவியை விட்டார். தெரிஞ்சே அவையை ஏமாத்தின அமைச்சர் ராஜினாமா கொடுக்கணும்னு இன்னைக்கு அங்க அமைச்சர்களுக்கான விதியிலேயே எழுதியிருக்கு. உளவு அமைப்புகளை மேற்பார்க்க 1994-லருந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒண்ணும் இருக்கு. ரகசியக் காப்பு உறுதியோட, மூடிய அறையில கேள்வி கேட்பாங்க. அந்தக் குழு இருக்கிறதால பிரிட்டன் பாதுகாப்பு ஒண்ணும் கெட்டுப்போயிடல. இந்தியாவுல ஐ.பி., ரா, என்.டி.ஆர்.ஓ. மூணுக்குமே அப்படி எந்த நாடாளுமன்றக் குழுவும் இல்ல. 2011-ல மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அன்னைக்கு இருந்த காங்கிரஸ் அரசும் அதைக் கண்டுக்கல. சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகணும்.

"தேசப் பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"ன்னு கேட்கிறவங்களுக்கு

முக்கியம்தான். தீவிரவாதியோட போனை அரசு கேட்கணும், கேட்கத்தான் வேணும். யார் போனைக் கேட்கிறீங்க, என்ன கருவின்னு மேடை போட்டுச் சொல்லுங்கன்னு யாரும் கேட்கல. "இதை வெளிப்படையா சொல்ல முடியாது"ன்னு ஒரு அமைச்சர் எழுந்து சொன்னா அது நேர்மையான பதில். ஆனா சொல்லவும் மாட்டேன், சொன்ன மாதிரியும் காட்டிக்குவேன்னா, அது அவையை ஏமாத்துற வேலை.

இன்னொரு கணக்கையும் பாருங்க. என்.எஸ்.ஓ. தன்னோட மென்பொருளை அரசுகளுக்கு மட்டும்தான் விக்கிறதா சொல்லுது. அப்போ இந்திய போன்களைக் குறிவைச்சது நம்ம அரசா இருக்கணும், இல்லைன்னா வேற நாட்டு அரசா இருக்கணும். நம்ம அரசுன்னா, எந்தச் சட்டப்படி, யார் உத்தரவுன்னு பதில் வேணும். வெளிநாட்டு அரசுன்னா, நம்ம எம்.பி.க்களையும் அமைச்சர்களையும் அந்நிய நாடு வேவு பார்த்திருக்கு. அதைவிடப் பெரிய தேசப் பாதுகாப்புப் பிரச்சினை எது? "பரபரப்புச் செய்தி"ன்னு எப்படித் தள்ளிவிட முடியும்?

அமெரிக்காவுல வாட்ஸ்அப் போட்ட வழக்குல, என்.எஸ்.ஓ. பொறுப்புதான்னு 2024 டிசம்பர்ல தீர்ப்பு வந்தது. அந்த வழக்கு ஆவணத்துலருந்து 51 நாடுகள்ல 1,223 பேர் தாக்கப்பட்டதும், அதுல 100 பேர் இந்தியாவுல இருந்ததும் தெரிய வந்தது. ஒரு தனியார் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய் வெளிய கொண்டுவந்த விவரத்தை, 140 கோடி மக்களோட நாடாளுமன்றத்தால வாங்க முடியல.

"நம்ம நாட்டுல கட்டுப்பாடுகள் இருக்கு"ன்னு அமைச்சர் சொன்னாரே, அந்தக் கட்டுப்பாடு எப்படின்னும் பார்த்துடுவோம். ஒட்டுக்கேட்க உத்தரவு போடுறது உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கிற மறு ஆய்வுக் குழுவுலயும் அரசுச் செயலாளர்கள்தான். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கூடுவாங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்குன்னு 2018-ல அரசே அமைச்ச நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியிருக்கு. கால்குலேட்டரை எடுங்க. 8 மணி நேரம்னா 28,800 வினாடி. ஒரு உத்தரவுக்கு ரெண்டு வினாடிகூட வராது. அதுக்குள்ள பேரைக்கூட முழுசா படிக்க முடியாது!

என்ன செய்யணும்?

1. உளவு அமைப்புகளை மேற்பார்க்க இரு அவைகளுக்கும் சேர்த்து நாடாளுமன்றக் குழு. எதிர்க்கட்சிக்கு உரிய இடம். ரகசியக் காப்பு உறுதியோட, மூடிய அறையில ஆவணத்தைப் பார்க்கிற அதிகாரம்.

2. அமைச்சர் அவையில் சொன்ன பதில் மேல சந்தேகம் எழுந்தா, அந்தக் குழு கோப்பைப் பார்த்து "பதில் சரி" அல்லது "பதில் தவறு"ன்னு ஒரே வரியில அவைக்குச் சொல்லணும். ரகசியம் வெளிய வராது. பொய் இருந்தா மாட்டிக்கும்.

3. தெரிஞ்சே தவறான தகவல் தந்தாருன்னு தெரிஞ்சா ராஜினாமா. இதை விதியா எழுதணும்.

4. ஒரு வருஷத்துல எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவுங்கிற எண்ணிக்கையை மட்டுமாவது நாடாளுமன்றத்துல வைக்கணும். பேர் வேண்டாம், எண் போதும்.

இதுல ஒண்ணுகூட ஆளுங்கட்சிக்கு மட்டும் எதிரானது இல்ல. நாளைக்கு நாம ஆட்சியில உட்கார்ந்தாலும் இதே விதிதான். மாநில அரசுகளுக்கும் ஒட்டுக்கேட்க உத்தரவு போடுற அதிகாரம் இருக்கு. அங்கயும் சட்டமன்றத்துக்குக் கணக்குக் காட்டணும். எதிர்க்கட்சியா இருக்கும்போது கேட்டதை ஆட்சிக்கு வந்ததும் மறந்துட்டா, நம்மளை நம்பி போனைக் கூடையில போட்டவங்களுக்கு நாம என்ன பதில் சொல்லுவோம்?

அந்தக் கூடை என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. அண்ணன் போனை யாரும் ஒட்டுக்கேட்டிருக்க மாட்டாங்க. ஒரு வட்டச் செயலாளர் போனுக்கு அவ்வளவு செலவு பண்ண யாருக்கும் அவசியம் இல்ல. ஆனா அவர் பயப்படறார். வாக்காளர் பட்டியலைப் பத்திப் பேசக்கூடப் போனை வெளிய வைக்கிறார். பதில் சொல்லாத அமைச்சர்களால நாட்டுக்கு வந்த நஷ்டம் இதுதான். வேவு பார்த்தாங்களோ இல்லையோ, பார்ப்பாங்களோங்கிற பயம் எங்க வார்டு வரைக்கும் வந்துடுச்சு.

அதனால அண்ணன் கேட்ட அதே கேள்வியை நாமளும் கேட்போம். உங்க தொகுதி எம்.பி. எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னாடி அவருக்கு எழுதுங்க. நாலு பக்கம் வேண்டாம். ஒரே வரி போதும்.

வாங்குனீங்களா, இல்லையா?

படிச்சவங்க பகிருங்க தோழர்களே.

#வாங்குனீங்களா_இல்லையா
#நாடாளுமன்றத்துக்குப்_பதில்_சொல்லுங்க